நடுக் குழிகளின் சூடு

அந்தச் சனிக்கிழமை என் அக்கா ஜெசிந்தாவை விழுப்புரத்துக்கு வரச் சொன்னது பெருமையடித்துக்கொள்ளத்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் துறையில் நான் ஆய்வு மாணவி. அப்போது மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. வீடு திண்டிவனத்துக்கு வெளியே. அப்பா விருத்தாசலம் கட்டட வேலைக்குப் போகிறவர். அம்மா இருதயமேரி மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகளில் களை எடுக்கவும் காய் ஆயவும் போகிறவர். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பிளஸ் டூ முடித்த கையோடு திண்டிவனத்தில் ஓர் எல்.ஈ.டி. பல்பு யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அங்கே பதினோரு வருடமாக, வெளிச்சம் தரும் சின்னச் சில்லுகளை ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் வேலை செய்கிறாள். ஒரு பல்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாலே எத்தனை மாதம் எரியும் என்று சொல்லிவிடுவாள்.

நான் காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புகிறவள். 'நாளெல்லாம் அங்க இன்னாதான் பண்ற?' என்று அம்மா கேட்கும்போதெல்லாம் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். அந்த வாரம்தான் காட்டும்படியாக ஒன்று கிடைத்திருந்தது.

எங்கள் ஆய்வு இதுதான். புற்றுநோய் செல்கள் தம்மைச் சுற்றியிருக்கும் புரதத்தை அறுத்து வழி உண்டாக்கிக்கொண்டு பரவுகின்றன. அப்படி அறுப்பதற்கு அவற்றிடம் சில நொதிகள், அதாவது என்சைம்கள், இருக்கின்றன. கதெப்சின் அவற்றில் ஒன்று. அந்த நொதியை நிறுத்தும் மருந்து இல்லாமல் இல்லை. ஆனால் உடம்பில் போட்டால் நல்ல செல்களின் நொதியையும் சேர்த்து நிறுத்திவிடும். அதனால் ருத்தேனியம் என்ற உலோகத்தோடு மருந்தைப் பிணைத்து, வேலை செய்ய முடியாதபடி கட்டிப்போடுகிறோம். இருட்டில் அது சும்மா கிடக்கும். நீல ஒளி பட்டால் கட்டு அவிழ்ந்து மருந்து வெளியே வரும். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் நொதி நிற்கும்.

நொதி ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று பார்க்க ஒரு பொருளைச் சேர்ப்போம். நொதி அதை அறுத்தால் அது ஒளிரும். ஒளிராவிட்டால் நொதி முடங்கிவிட்டது என்று கணக்கு.

என் சோதனையில் நொதியின் வேலை தொண்ணூற்றிரண்டு சதவீதம் குறைந்திருந்தது. தொடர்ந்து மூன்று முறை. என் வழிகாட்டி பேராசிரியர் தாண்டவராயன் இரண்டாவது முறையிலேயே கல்லூரி முதல்வரிடம் சொல்லிவிட்டார். ஐந்து வாரம் கழித்து முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் நடக்கவிருந்த கருத்தரங்கில் பேசவும் எனக்கு இடம் கிடைத்திருந்தது.

அக்கா வந்தாள். செருப்பை வெளியே கழற்றப் போனவளிடம், லேப்பில் செருப்போடுதான் வர வேண்டும் என்று சொல்லி ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டேன். தொண்ணூற்றாறு சிறு குழிகள் உள்ள தட்டைக் காட்டினேன். ஒவ்வொரு குழியிலும் ஆயிரக்கணக்கில் செல்கள் இருக்கின்றன என்றேன். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"இதுவா கேன்சரு? மீன் செதிலாட்டம் இருக்குது."

பிறகு என் விளக்கைக் காட்டினேன். நானே செய்தது. ஒரு பிளைவுட் பலகையில் நீல எல்.ஈ.டி. பட்டையைச் சுருள் சுருளாக ஒட்டியிருந்தேன். அதன்மேல் தட்டை வைத்து அரை மணி நேரம் எரியவிட வேண்டும். சுவிட்சைப் போட்டுவிட்டு, தொண்ணூற்றிரண்டு சதவீதக் கதையை அக்காவுக்கு நிதானமாகச் சொன்னேன். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை கையை நீட்டி விளக்கின்மேல் வைத்தாள். எடுத்தாள். ஓரமாக வைத்தாள். மறுபடி நடுவில் வைத்தாள்.

"இன்னா அன்பு, நடுவுல இவ்ளோ சுடுது?"

"எல்.ஈ.டி. சூடாவாதுக்கா."

"யாரு சொன்னா உனக்கு? வெளிச்சந்தான் சுடாது. சில்லு சுடும். நாங்க அதுக்குத்தான் பின்னாடி அலுமினியம் வெக்கிறோம், சூட்ட இழுத்துக்கினு போவறதுக்கு. நீ கட்டையில ஒட்டி வெச்சிருக்கிற. கட்டை சூட்ட வாங்காது. அப்ப அது எங்க போவும்? மேல உன் தட்டுக்குத்தான் போவும்."

அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. இருந்தாலும் விடவில்லை. "வெறும் வெளிச்சம் பட்டா ஒண்ணும் ஆவலன்னு பாத்துட்டேன்க்கா. மருந்து போடாத குழிங்களும் அதே தட்டுலதான் இருக்குது. அதுல நொதி நல்லாதான் ஓடுச்சு."

"எந்தக் குழி?"

ஓரத்து இரண்டு வரிசைகளைக் காட்டினேன்.

அக்கா குனிந்தாள். பட்டைச் சுருள் நெருக்கமாக இருந்த நடுப்பகுதியைப் பார்த்தாள், பிறகு ஓரத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. மருந்து போட்ட குழிகள் எல்லாமே நடுவில் இருந்தன.

தட்டை விளக்கின்மேல் அரை மணி நேரம் வைத்து, மெல்லிய கம்பி முனை கொண்ட தெர்மாமீட்டரை எடுத்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தோம். ஓரத்தில் முப்பத்தெட்டு டிகிரி. நடுவில் நாற்பத்தாறு. அந்தச் சூட்டில் அரை மணி நேரம் இருந்தால் செல் தாங்காது. செத்த செல்லில் நொதி எங்கே ஓடும்? அன்றே மருந்து போடாத செல்களை நடுக் குழிகளில் விட்டுச் சோதித்தேன். மருந்தே இல்லாமல் நொதியின் வேலை மூன்றில் ஒரு பங்காகச் சரிந்திருந்தது. நான் மூன்று முறை சாதித்ததாக நினைத்ததில் பெரும்பகுதி வெறும் சூடு.

திரும்பும்போது ரயிலில் கூட்டம் இல்லை. வண்டி விக்கிரவாண்டியைத் தாண்டியது.

"சொல்லாம விட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டேன். கேட்டது நான்தான். அதையும் மறைக்க விரும்பவில்லை.

"தெரியாது," என்றாள் அக்கா. "எங்க யூனிட்ல பாஸ் சீல் குத்துற வேல கொஞ்ச நாளு என்கிட்ட இருந்துச்சு. ஒருவாட்டி ஒரு லாட் பல்பு வந்துச்சு. எல்லாம் பளிச்சுனுதான் எரிஞ்சுது. ஆனா உள்ள சூட்ட கடத்துற பேஸ்ட் சரியா தடவல. ரெண்டு மாசத்துல போயிடும்னு எனக்குத் தெரியும். சீல் குத்த மாட்டேன்னுட்டேன். சூப்பர்வைசரு ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, பேசினாரு. வேல நடக்கணுமில்ல."

திங்கட்கிழமை காலை பேராசிரியர் அறைக்குப் போனேன். தாண்டவராயன் சார் அதிகம் பேசாதவர். மாணவிகளை ஒருமையில் கூப்பிட்டாலும் 'ம்மா' சேர்த்துத்தான் கூப்பிடுவார். சொல்ல வேண்டியதை எல்லாம் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் என் ஆய்வுக் குறிப்பேட்டை வாங்கி, பழைய மூன்று சோதனைகளையும் சனிக்கிழமை எழுதிய பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, பழைய மூன்று பக்கங்களின் கீழேயும் ஒன்றையே எழுதினார்: 'வெப்பத்தால் வந்த முடிவு. செல்லாது.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"முதல்வர்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றார். "அவசரப்பட்டது நான். சூட்டை நீயாவே கண்டுபிடிச்சியாம்மா?"

"இல்ல சார். எங்க அக்கா."

"எங்க வேலை பாக்கறாங்க?"

சொன்னேன். குறிப்பேட்டை மூடி என்னிடம் கொடுத்தார். "இந்த வேலைக்குன்னே செய்யற விளக்கு ஆர்டர் போட்டா வர மூணு மாசம் ஆகும். செமினாருக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு. பேர வாபஸ் வாங்கிடலாம். இல்லன்னா…" நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க அக்காவால வர முடியுமான்னு கேளு."

அக்கா உடனே சம்மதித்துவிடவில்லை. "காலேஜ்ல போய் நான் இன்னா பேசுவேன்?" என்றாள். பேச வேண்டாம், விளக்குதான் வேண்டும் என்றேன். அது சரி என்று தோன்றியிருக்க வேண்டும். அன்று மாலையே தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து ஒட்டி, பின்பக்கம் தொண்ணூற்றாறு வட்டம் போட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சால்டரிங் கம்பியும் ஒரு டப்பா வெள்ளைப் பேஸ்ட்டுமாக விழுப்புரம் வந்தாள். சாரும் வந்திருந்தார். அக்காவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. என்ன வேணும்னு சொல்லுங்க," என்றார்.

"சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு அலுமினியத் தகடு வேணும் சார். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ரெண்டு. அப்புறம் உங்களுக்கு எவ்ளோ வெளிச்சம் வேணும்னு சொல்லணும். அன்புவ கேட்டா நீலமா இருக்கணும்னு மட்டும் சொல்லுது. நீலத்துலயே நாலு தினுசு இருக்குது."

சார் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். எந்த நீலம், எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

முதலில் செய்த விளக்கு சூடாகவில்லை. ஆனால் வெளிச்சம் சமமாக இல்லை. ஒளிமானியை வைத்துப் பார்த்தால் நடுக் குழிகளுக்கு ஓரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போனது. சரிசமமான இடைவெளியில்தானே சில்லுகளை வைத்தோம் என்று நான் குழம்பினேன். நான் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அக்கா சொல்லிவிட்டாள்.

"கல்யாணப் பந்தல்ல நடுவுல நிக்கிறவனுக்கு நாலாப் பக்கத்து லைட்டும் அடிக்கும். மூலையில நிக்கிறவனுக்கு ரெண்டு பக்கந்தான். சமமா வெச்சா சமமா வராது. ஓரத்துல நெருக்கமா வெக்கணும், நடுவுல தளர்த்தியா வெக்கணும்."

வைத்திருந்த சில்லுகளை எல்லாம் எடுத்தாள். மறுபடி வைத்தாள். அளந்தோம். மூலைகள் இன்னும் மங்கலாக இருந்தன. மீண்டும் எடுத்தாள். அதற்குப் பின் வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் இப்படியே போயின. வாரநாட்களில் யூனிட் வேலை முடிந்து வந்து காலண்டர் தாளில் புள்ளிகளை நகர்த்திக்கொண்டிருப்பாள். அம்மா கேப்பைக் களியைத் தட்டில் வைத்து இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கும்.

மூன்றாம் ஞாயிறு பிற்பகல் தொண்ணூற்றாறு குழிகளிலும் வெளிச்சத்தையும் சூட்டையும் அளந்து முடித்தபோது எண்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தன. சார் என் கையிலிருந்து ஒளிமானியை வாங்கித் தாமே ஒருமுறை மூலைகளை அளந்தார். பிறகு போய் எங்களுக்கு டீ வாங்கிவந்தார். ஒரு பேராசிரியர் கையில் டீ டம்ளர்களோடு படியேறி வந்ததை அக்கா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

செமினாருக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. இந்த முறை நான்கு விதமாகவும் வைத்தேன். மருந்தும் வெளிச்சமும் சேர்ந்தது, மருந்து மட்டும், வெளிச்சம் மட்டும், இரண்டும் இல்லாதது. வெளிச்சம் வேண்டாதவை ஈயத்தாள் சுற்றிய தனித் தட்டில். வெளிச்சத் தட்டில் மருந்து உள்ளதையும் இல்லாததையும் நடுவும் ஓரமுமாகக் கலந்து வைத்தேன். மருந்தைக் கையாளும் நேரத்தில் லேப்பில் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும்தான்.

முதல் நாள் முடிவு வந்தது. நான் நம்பவில்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி செய்தேன். பிறகு மூன்றாவது முறை. எண்கள் நிலைத்து நின்றன. இருட்டில் இருந்த மருந்து நொதியைத் தொடவே இல்லை. தொண்ணூற்றைந்து சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. வெறும் வெளிச்சத்தில் தொண்ணூற்றேழு. மருந்தும் நீல ஒளியும் சேர்ந்த குழிகளில் நாற்பத்தொன்று. செல்கள் உயிரோடு இருந்தன. நொதி மட்டும் பாதிக்குமேல் நின்றுபோயிருந்தது.

பழைய தொண்ணூற்றிரண்டு சதவீதக் குறைவோடு ஒப்பிட்டால் இந்த ஐம்பத்தொன்பது சின்ன எண்தான். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாரிடம் குறிப்பேட்டைக் கொடுத்தேன். பக்கத்தின் கீழே தேதியும் கையெழுத்தும் மட்டும் போட்டார்.

"இத யாரு வேணா திரும்பச் செஞ்சு பாக்கலாம்மா," என்றார். "இதேதான் வரும்."

கருத்தரங்கன்று அக்கா லீவு போட்டுவிட்டு வந்தாள். அம்மாவும் வந்தார். மல்லாட்டை பிடுங்கும் நேரம், ஒரு நாள் கூலி போகும் என்று நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை. முண்டியம்பாக்கம் ஸ்டேஷனில் மூவரும் இறங்கினோம். அரங்கத்தில் அம்மாவையும் அக்காவையும் கடைசி வரிசையில் உட்காரவைத்துவிட்டு நான் முன்னால் போனேன்.

'தப்பை முதல்ல சொல்லிடு' என்று சார் முந்தின நாளே சொல்லியிருந்தார். அதனால் முதல் படமே பழைய பிளைவுட் பலகைதான். நடுக் குழிகள் நாற்பத்தாறு டிகிரிக்கு ஏறியதையும், மூன்று முறை வந்த முடிவை நாங்களே தள்ளிவிட்டதையும் சொன்னேன். அரங்கத்தில் சலசலப்பு அடங்கி எல்லோரும் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அதன்பிறகு புது விளக்கின் படம். கீழே, 'விளக்கு வடிவமைப்பும் தயாரிப்பும்: வி. ஜெசிந்தா.'

பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். டாக்டர் கலைப்பிரியா, தோல் நோய் மருத்துவர். "நீல ஒளி தோலுக்குள்ள ஒரு மில்லிமீட்டர் போறதே கஷ்டம். உள்ள இருக்கிற கட்டிக்கு இது எப்படிப் பயன்படும்?"

"இப்போதைக்குப் பயன்படாதுங்க மேடம்," என்றேன். "நாங்க பாத்தது தட்டுல வளர்ற செல்லுல மட்டும்தான். கட்டி இருக்கிற விலங்குலகூட இன்னும் பாக்கல. நோயாளிகிட்ட போறதுக்குப் பல வருஷம் ஆகும். சிவப்பு ஒளி இன்னும் ஆழமாப் போகும். அதுக்கு அவிழுற மாதிரி மருந்து செய்ய முடியுமான்னு அடுத்துப் பாக்கணும்."

அவர் தலையாட்டினார். ஆனால் உட்காரவில்லை. "தட்டு முழுக்க ஒரே அளவு வெளிச்சம்னு சொன்னீங்க. நாங்க இங்க ஒண்ணு செஞ்சு பாத்தோம், மூலை எப்பவும் மங்கும். நீங்க எப்படிச் சரி பண்ணீங்க?"

பதில் எனக்குத் தெரியும். சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் அது என் வாயால் வரக் கூடாது என்று அந்த நொடியில் தோன்றியது.

"செஞ்சவங்க இங்கதான் இருக்காங்க மேடம். அவங்களே சொல்லுவாங்க."

கடைசி வரிசைக்கு மைக் போனது. அக்கா எழுந்தாள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தாள். முதல் வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் கையைக் காட்ட, மைக்கை நெருக்கிப் பிடித்தாள்.

"மூலையில ரெண்டு பக்கத்து வெளிச்சந்தாங்க கெடைக்கும். அதனால மூலைக்கு நெருக்கமா நாலு சில்லு வெச்சேன். நடுவுல ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்துட்டேன். மொதல்ல வெச்சது சரியா வரல. ஏழு வாட்டி மாத்தினேன். தகடுக்கும் சில்லுக்கும் நடுவுல பேஸ்ட் தடவுறப்ப காத்துக் குமிழி இல்லாம தடவணும். இருந்தா அந்த எடம் மட்டும் சுடும். அத ஃபேன் வெச்சாலும் சரி பண்ண முடியாது."

டாக்டர் கலைப்பிரியா கையிலிருந்த அழைப்பிதழின்மேல் எழுதிக்கொண்டே கேட்டார். "எந்த இடைவெளியில வெச்சீங்க?"

அக்கா சொன்னாள். மில்லிமீட்டர் கணக்கில், வரிசை வரிசையாக, கையில் தாள் எதுவும் இல்லாமல். அவர் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அரங்கமே காத்திருந்தது.

நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பல்பு யூனிட்டில் இவளோடு வேலை செய்கிற நாற்பது பெண்களுக்குத் தெரிந்திருந்த ஒன்று, என் படிப்புக்கு மூன்று வருடமாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. அதில் எனக்கு வெட்கம் வரவில்லை. இவள் என் அக்கா என்று மைக்கில் சொல்ல வேண்டும்போல இருந்தது.

எனக்கு முன்னால் அம்மா சொல்லிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கா பேசும்போது பக்கத்து இருக்கைக்காரர் திரும்பி, "இவங்க உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா மேடையையும் பக்கத்தையும் காட்டி, "ரெண்டு பேரும் என் பொண்ணுங்க," என்றிருக்கிறார். அவர் வேறெதுவும் கேட்கவில்லையாம். ஆனாலும் அம்மா, "பெரியவதான் லைட்டு செஞ்சது," என்று தாமாகவே சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

அந்த வருடக் கடைசியில் கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. ஆசிரியர் பட்டியலில் முதலில் என் பெயர், அடுத்து ஜெசிந்தா, கடைசியில் தாண்டவராயன். அக்காவின் பெயரை எங்கே போடுவது என்று நான் கேட்பதற்கு முன்பே சார் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க வந்த பக்கங்களை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

அக்கா தன் பெயரை ஆங்கில எழுத்துகளில் ஒருமுறை படித்தாள். பிறகு, "உள்ள இன்னா போட்டிருக்குது, தமிழ்ல சொல்லு," என்றாள். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னேன். விளக்கைப் பற்றிய பத்தி வந்தது. தகட்டின் கனம், சில்லுகளின் எண்ணிக்கை, ஃபேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். தட்டில் நடுவுக்கும் ஓரத்துக்கும் வெப்ப வித்தியாசம் பூஜ்யம் புள்ளி மூன்று டிகிரி என்று படித்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

"நாலு."

"இன்னாக்கா?"

"புள்ளி மூணு இல்ல. புள்ளி நாலு. கடைசி ஞாயித்துக்கெழம வலது பக்கத்து மூலையில நாலு வந்துச்சு. நீதான் எழுதின."

குறிப்பேட்டை எடுத்துவந்து புரட்டினேன். நாலு என்றுதான் இருந்தது, என் கையெழுத்திலேயே. அவள் பக்கத்தில் வந்து நிற்க, மூன்றை அடித்துவிட்டு நாலு என்று திருத்தினேன். தெளிவாகப் போட்டிருக்கிறேனா என்று குனிந்து பார்த்துவிட்டு, "ம், மேல படி," என்றாள்.